ஊடும் பாவும்

நுழையும்முன்

சிற்பி செதுக்கிய கல்லைக் கலை என்கிறோம். ஓவியர் தீட்டிய திரையைக் கலை என்கிறோம். ஆயிரக்கணக்கான இழைகளை எண்ணிக் கோத்து ஒருவர் நெய்த சேலையை மட்டும் சரக்கு என்கிறோம். சிற்பத்தின் முன் நின்று சிற்பியின் பெயரைக் கேட்கும் நாம், பட்டுச் சேலையின் முன் நின்று சரிகையின் எடையைக் கேட்கிறோம். கைத்தறி நெசவு தொழிலா, கலையா? அது வளர்ந்த வரலாறு எத்தகையது? அடுத்த தலைமுறையிலும் அது வாழுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மொழிக்குள் ஒரு தறி

தமிழர் வாழ்வில் நெசவு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு நம் மொழியே முதற்சான்று. நூல் என்னும் சொல் இழையையும் குறிக்கிறது, ஏட்டையும் குறிக்கிறது. பனுவல் என்பது பஞ்சினின்று நூற்கப்படும் இழைக்கும் புலவர் இயற்றும் நூலுக்கும் பொதுப்பெயர். நூல் நூற்கும் செயலையும் நூல் இயற்றும் செயலையும் உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டுக் காட்டுகிறது நன்னூல். அதில் சொல்லே பஞ்சு; புலவரே நூற்பவர்.

தறியிலிருந்து அறுத்து எடுக்கப்பட்டதால் ஆடை ‘அறுவை’ எனப்பட்டது. துணிக்கப்பட்டதால் ‘துணி’ ஆயிற்று. நீளவாட்டில் இழுத்துக் கட்டப்படும் இழைகள் பாவு. குறுக்கே ஓடும் இழைகள் ஊடை. ஒன்றோடொன்று பிரிக்க இயலாதவாறு கலந்து நிற்பவற்றை ‘ஊடும் பாவும்போல’ என்று கூறும் வழக்கம் இன்றும் உள்ளது. தறியைக் கண்டிராதவர்கூடத் தறியின் சொற்களைக்கொண்டே சிந்திக்கிறார் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

அகழாய்வும் இலக்கியமும்

கீழடி அகழாய்வில் நூல் நூற்கப் பயன்படும் தக்களிகள் கிடைத்துள்ளன. அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளைச் சாயத்தொட்டிகள் என ஆய்வாளர் கருதினர். உறையூரிலும் இத்தகைய தொட்டி கண்டறியப்பட்டது. பொதுக்காலம் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடற்பயணம்’ என்னும் கிரேக்க நூல், உறையூர்ப் பகுதியின் மெல்லிய துணியை ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

சங்க இலக்கியம் பருத்தி நூற்கும் பெண்களைக் காட்டுகிறது. ‘மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்’ என்னும் புலவரின் பெயரிலேயே துணி வணிகம் இடம்பெற்றுள்ளது. புகார், மதுரை ஆகிய நகரங்களின் வீதிகளைச் சித்திரிக்கும் சிலப்பதிகாரம், நெசவாளரைக் ‘காருகர்’ எனச் சுட்டுகிறது. அந்நூலுக்கு உரை வரைந்த அடியார்க்குநல்லார், துகில் வகைகளாக முப்பத்தாறு பெயர்களைப் பட்டியலிடுகிறார். கோசிகம், பீதகம், சித்திரக்கம்மி, தேவாங்கு, பொன்னெழுத்து என நீளும் அப்பட்டியலில் உள்ள பல துகில்கள் எவ்வாறு இருந்தன என்பதை இன்று நம்மால் கூற இயலவில்லை. நெய்யும் கை மறைந்தால் துணியும் மறையும். அதன்பின் எஞ்சுவது பெயர் மட்டுமே. இப்பாடம் எழுப்பும் வினாவின் முழுக் கனமும் அந்தப் பட்டியலில் அடங்கியிருக்கிறது.

தறி இறையும் தனியுரிமையும்

இடைக்காலத்தில் கோயிலைச் சூழ்ந்து நெசவாளர் குடியிருப்புகள் வளர்ந்தன. இறைவனுக்குச் சாத்தும் பரிவட்டம் முதல் திருவிழாக் கொடி வரை அனைத்தும் தறியிலிருந்தே வந்தன. கைக்கோளர், சாலியர், தேவாங்கர் முதலிய நெசவுச் சமூகத்தார் இத்தொழிலில் சிறந்து விளங்கினர். பிற்காலத்தில் குடியேறிய சௌராட்டிரர் மதுரை, சேலம், கும்பகோணம் போன்ற நகரங்களின் நெசவுக்கும் சாயத்தொழிலுக்கும் வளம் சேர்த்தனர்.

நெசவு அரசுக்கு வருவாய் ஈட்டித் தந்ததைத் ‘தறி இறை’ என்னும் வரி காட்டுகிறது. விசயநகர ஆட்சிக் காலத்தில் காஞ்சிபுரம் பகுதிக் கைக்கோளர் பல்லக்கில் செல்லவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றிருந்தனர். பிற பகுதி நெசவாளரும் அவ்வுரிமையைக் கேட்டுப் பெற்றதைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. வரி செலுத்தியவர்கள் மதிப்பையும் கேட்டுப் பெற்ற காலம் அது.

கடல் கடந்த துணி

சென்னை நகரின் பிறப்பிலேயே நெசவுக்குப் பங்குண்டு. 1639ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சென்னையைத் தேர்ந்தெடுத்தமைக்கு அங்குத் துணி மலிவாகக் கிடைத்தது முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும். வணிகத்திற்கு வேண்டிய துணியை அருகிலேயே நெய்து பெறுவதற்காக 1734ஆம் ஆண்டு நெசவாளரைக் குடியமர்த்தி உருவாக்கிய ஊரே ‘சின்னத் தறிப் பேட்டை’. இன்று அது சிந்தாதிரிப்பேட்டை என வழங்குகிறது. துணியை வெளுத்தோர் வாழ்ந்த பகுதி வண்ணாரப்பேட்டை ஆயிற்று.

சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற கட்டம்போட்ட துணி ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என உலகெங்கும் பெயர் பெற்றது. மேற்கு ஆப்பிரிக்காவின் நைசீரியாவில் வாழும் கலபாரி மக்கள் அதனை ‘இன்ஜிரி’ என அழைத்து, பிறப்பு, இறப்புச் சடங்குகளில் இன்றியமையாததாகப் போற்றினர். தமிழகத்துக் கடலோர ஊர்களில் நெய்யப்பட்ட துணி, மற்றொரு கண்டத்து மக்களின் முதல் நாளுக்கும் இறுதி நாளுக்கும் உரியதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலைகளின் நூலும் துணியும் இந்தியச் சந்தையை நிறைத்தன. முதலில் வாழ்விழந்தோர் வீடுகளில் இராட்டை சுழற்றிய பெண்கள். ஆலை நூலை வாங்கி நெய்யத் தொடங்கிய நெசவாளர் ஓரளவு தாக்குப்பிடித்தனர். எனினும், நூல் விலையை நிறுவும் ஆற்றல் அவர்கள் கையைவிட்டு அகன்றது. இத்துன்பத்திற்கிடையிலும் புதியன பிறந்தன. ஆலைத் துணியின் போட்டியை எதிர்கொள்ள, பருமனான வண்ண நூலைக்கொண்டு பவானி நெசவாளர் நெய்த பட்டைக் கோட்டு விரிப்பே பவானி ஜமக்காளம்.

1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் கல்கத்தாவில் தொடங்கிய சுதேசி இயக்கம் கைத்தறியை அரசியல் அடையாளமாக்கியது. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் தம் உடையை அரையாடையாகச் சுருக்கிக்கொண்டார். உழைக்கும் மக்கள் உடுத்தும் அளவே தமக்கும் போதும் என்னும் அந்த முடிவு, துணியைப் பற்றிய சிந்தனையை அறத்தோடு இணைத்தது.

ஒரு சேலை உருவாகும் விதம்

நெசவு கலையா என்பதை அறியத் தறியின் அருகில் சென்று காண்பதே நல்வழி. காஞ்சிபுரம் பட்டுச் சேலையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பட்டு நூலை முறுக்கேற்றி, பசை நீக்கிச் சாயம் தோய்ப்பது முதற்பணி. அடுத்துப் பாவு ஓட்டுதல். தெருவின் நீளத்திற்கு இழைகளை விரித்து, சிக்கெடுத்து, கஞ்சியிட்டு, காய்வதற்குள் கோலால் நீவிப் பதப்படுத்துவர். கொங்குநாட்டு ஊர்களில் இதற்கெனவே விடப்பட்ட திறந்தவெளி ‘பாவடி’ எனப்படும். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய இப்பணிக்குக் குடும்பத்தார் அனைவரும் கூடுவர். பழைய பாவின் முனையோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பது பாவு பிணைத்தல். ஊடை நூலைச் சிறு குச்சியில் சுற்றுவது தார் சுற்றுதல். இவ்விரண்டையும் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர்.

நெசவாளர் குழித்தறியின் முன் அமர்கிறார். காலால் மிதியை அழுத்த, விழுதுகள் பாவிழைகளில் ஒரு பகுதியை உயர்த்துகின்றன. உயர்ந்த இழைகளுக்கும் தாழ்ந்த இழைகளுக்கும் இடையே நாடா பாய்கிறது. அச்சை இழுத்து ஊடையை நெருக்குகிறார். மீண்டும் மிதி, நாடா, அச்சு. ஒரு சேலைக்கு இச்செயல் பல்லாயிரம் முறை நிகழ்கிறது. ஒரு முறை அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் துணியில் வரி விழும். வேலைப்பாட்டிற்கு ஏற்ப, ஒரு சேலைக்குப் பத்து நாள் முதல் ஒரு மாதத்திற்கு மேலும் ஆகலாம்.

காஞ்சிபுரம் சேலையின் தனிச்சிறப்பு ‘கோர்வை’. உடல் ஒரு நிறத்திலும் கரை முற்றிலும் வேறு நிறத்திலும் இருக்க வேண்டுமெனில், ஒரே ஊடையை இரண்டிலும் ஓட்டினால் நிறங்கள் கலந்துவிடும். ஆகவே இரு கரைக்கும் உடலுக்கும் தனித்தனியாக மூன்று நாடாக்கள் இயக்கப்படுகின்றன. ஒவ்வொரு வரியிலும் கரையின் ஊடையும் உடலின் ஊடையும் சந்தித்து ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. ‘பிட்னி’ என்பது முந்தியின் பாவிழைகளை உடலின் பாவிழைகளோடு ஒவ்வொன்றாக இணைக்கும் முறை. உடல் பச்சையாகவும் கரையும் முந்தியும் அரக்காகவும் அமைந்த சேலையில் மூன்று துணிகள் ஒன்றாகி நிற்கின்றன. அதில் தையல் ஏதும் இல்லை. துணி நைந்தாலும் அந்த இணைப்பு எளிதில் விடுவதில்லை.

மயில்கண், குயில்கண், வைரஊசி, கோபுரம், யாளி, அன்னம், இருதலைப்பட்சி, உருத்திராக்கம் என இதன் வடிவங்கள் கோயிற் சிற்பத்திலிருந்தும் இயற்கையிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பாவும் ஊடையும் வெவ்வேறு நிறமாக அமைய, அசையும்போது நிறம் மாறித் தோன்றும் ‘மயில் கழுத்து’ நிறம் நெசவாளரின் கண் கண்டெடுத்த விந்தை. கருத்து, அளவு, நிறப்பொருத்தம், கைப்பழக்கம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைவதே கலை எனில், நெசவைக் கலையன்று என மறுக்க இடமில்லை.

அடையும் அட்டையும்

பூவேலைப்பாட்டிற்கு எந்த வரியில் எந்த இழைகள் உயர வேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பது அரிது. அதனைக் கயிறுகளின் கட்டுமுறையிலேயே பதிந்து வைக்கும் உத்தியைக் காஞ்சிபுரத்தார் ‘அடை’ என்றனர். ஒரு பூவின் உருவம் அந்தக் கயிற்றுக் கட்டுக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். உதவியாளர் உரிய கயிறுகளை இழுக்க, பூ துணியில் மலரும்.

பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜக்கார்டு, 1804ஆம் ஆண்டு துளையிட்ட அட்டைகளால் இயங்கும் கருவியை உருவாக்கினார். துளை இருந்தால் இழை உயரும், இல்லையெனில் உயராது. இந்த அட்டை முறையே கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜின் சிந்தனைக்குத் தூண்டுதலாயிற்று. ஒன்று, சுழி என்னும் இரு நிலைகளால் இன்று கணினி செய்வதை, ‘உயர், தாழ்’ என்னும் இரு நிலைகளால் தறி நெடுங்காலமாகச் செய்துவருகிறது. அதே கணினி இன்று நெசவு வடிவங்களை வரையப் பயன்படுவது, கற்ற மாணவர் ஆசிரியருக்குச் செய்யும் கைம்மாறு போன்றது.

சரிவும் தாங்கும் கைகளும்

1935ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நெசவாளர் கூட்டுறவுத் தலைமைச் சங்கமே இன்று கோ-ஆப்டெக்ஸ் எனப் புகழ்பெற்றுள்ளது. 1936இல் கலாசேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், அங்கு நெசவுக்கூடம் அமைத்து, வழக்கொழிந்துவந்த பழைய கரைகளையும் நிறங்களையும் மீட்டெடுத்தார். 1950களின் தொடக்கத்தில் நெசவாளர் துயருற்றபோது, காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார். 1960இல் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பப் பயிலகம் தோன்றியது. தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விலையில்லா வேட்டி சேலைத் திட்டம், ஏழை மக்களுக்கு உடையையும் நெசவாளருக்கு வேலையையும் ஒருசேர வழங்க முனைந்தது. சிலவகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கும் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது.

இத்தனைக்கும் பின்னர் நிலை என்ன? நடுவண் அரசின் கைத்தறிக் கணக்கெடுப்புகளின்படி, நாட்டில் நெசவிலும் அதன் துணைத்தொழில்களிலும் ஈடுபட்டோர் 1995–96இல் ஏறத்தாழ 65 இலட்சம். 2009–10இல் அவ்வெண்ணிக்கை 43 இலட்சமாகக் குறைந்தது. 2019–20இல் அது 35 இலட்சம் ஆயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். மூன்றில் இரு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5000 ரூபாயை எட்டவில்லை என்பதையும் இறுதிக் கணக்கெடுப்பு வெளிப்படுத்தியது.

காரணங்கள் பல. விசைத்தறி ஒரே நாளில் பல சேலைகளை நெய்துவிடுகிறது. கைத்தறி வடிவங்களை அப்படியே போலி செய்கிறது. அதனைக் கைத்தறி என்றே விற்போரும் உளர். பட்டு, சரிகை ஆகியவற்றின் விலை ஏறும்போது சேலையின் விலை ஏறுகிறது. நெய்தவரின் கூலி அதே அளவில் ஏறுவதில்லை. சொந்தத் தறி வைத்திருந்தவர் பலர் முதலாளியிடம் நூல் பெற்றுக் கூலிக்கு நெய்பவராயினர். மகளின் திருமணத்திற்கு ஒரு பட்டுச் சேலை வேண்டும் எனக் கனவு காணும் நெசவாளரைப் பற்றிய ‘காஞ்சீவரம்’ திரைப்படம், தாம் நெய்ததைத் தாம் உடுத்த இயலாத அவலத்தையே கருவாகக் கொண்டது.

இரண்டாவது இருக்கை

இவற்றினும் நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. கோர்வை நெசவுக்கு இருவர் வேண்டும். நெசவாளர் உடலையும் ஒரு கரையையும் கவனிக்க, மறுகரையின் நாடாவை உதவியாளர் செலுத்துவார். அந்த இரண்டாவது இருக்கையில் நெடுங்காலம் அமர்ந்திருந்தவர் பெரும்பாலும் சிறுவர். தந்தையின் அருகில் அமர்ந்து, ஏழு, எட்டு வயதிலேயே தறியின் தாளத்தைக் கற்றனர். கலை தலைமுறை கடந்தது அவ்வழியே. கடன் பெற்ற குடும்பத்தின் பிள்ளை பிறர் தறியில் அமர்ந்து கல்வியை இழந்ததும் அவ்வழியே.

குழந்தைத் தொழிலுக்கு எதிரான சட்டமும் இயக்கமும் அச்சிறுவர்களைப் பள்ளிக்கு அனுப்பின. அது வெற்றி, ஐயமின்றிக் கொண்டாட வேண்டிய வெற்றி. அதே வேளையில் உதவியாளர் கிடைக்காமல் கோர்வைத் தறிகள் குறைந்தன. கரையும் உடலும் கோத்துக்கொள்ளாத எளிய முறைக்குப் பலர் மாறினர். ஒரு குழந்தையின் பள்ளிப் பருவத்தை விலையாகக் கொடுத்துக் காக்கவேண்டிய கலை எதுவுமில்லை. ஆகவே, குழந்தை அமர்ந்த இடத்தை நிரப்ப அறம் சார்ந்த வேறு வழியைக் காண்பதே நம் கடமை.

அவ்வழி இரண்டு. ஒன்று கருவி: சுமையான ஜக்கார்டைக் காலால் உயர்த்துவதற்குப் பதிலாக மின்விசையால் உயர்த்தும் அமைப்பு, கோர்வையை ஒருவரே நெய்யத்தக்க தறிமாற்றம் முதலிய முயற்சிகள். நாடா செல்லும் திசையையும் அச்சின் அழுத்தத்தையும் மனிதக் கை தீர்மானிக்கும்வரை, இத்தகைய உதவி கலையைக் குறைப்பதில்லை. மற்றொன்று ஊதியம்: படித்து முடித்த இளைஞர் ஒருவர் விரும்பி வந்து அந்த இருக்கையில் அமரும் அளவிற்குத் தறி வருவாய் தர வேண்டும். கட்டாயத்தால் கற்ற கலை, இனி விருப்பத்தால் கற்கப்பட வேண்டும்.

நாளைய தறி

காஞ்சிபுரம் பட்டு, சேலம் வெண்பட்டு, பவானி ஜமக்காளம், ஆரணிப் பட்டு, மதுரைச் சுங்குடி, கோவை கோரா, திருபுவனம் பட்டு, காரைக்குடிக் கண்டாங்கி முதலியவை புவிசார் குறியீடு பெற்றுள்ளன. 2006ஆம் ஆண்டு அறிமுகமான கைத்தறி முத்திரை, வாங்குவோர் உண்மையான கைத்தறியை அறிய உதவுகிறது. சுதேசி இயக்கம் தொடங்கிய ஆகஸ்டு 7ஆம் நாள், 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவ்விழா முதன்முதலில் நடந்த நகரம் சென்னை. இணையவழி விற்பனை, நெசவாளர் நேரடியாக வாங்குவோரை அடையும் வாய்ப்பைத் திறந்துள்ளது. மின்சாரமின்றி இயங்கும் தறி, சூழலுக்கு ஏற்ற உற்பத்திமுறையாக உலகின் கவனத்தையும் ஈர்க்கிறது.

எனினும் குறியீடும் முத்திரையும் துணியைக் காக்கும். நெய்பவரைக் காப்பது கூலியே. விலையில் எவ்வளவு பகுதி தறியடிக்குச் சென்று சேர்கிறது என்னும் வினாவை வாங்குவோர் கேட்கத் தொடங்கும் நாளில்தான் இக்கலையின் எதிர்காலம் உறுதிப்படும்.

கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் பட்டுச் சேலைகளோடு, அதனை நெய்தவரின் பெயரும் படமும் அடங்கிய அட்டையை இணைத்து விற்கத் தொடங்கியது. செய்தி சிறியதாகத் தோன்றலாம். நூற்றாண்டுகளாகப் பெயரின்றி நெய்த கைக்கு அது ஒரு கையொப்பம். அடியார்க்குநல்லாரின் பட்டியலில் துகிலின் பெயர் உண்டு. நெய்தவர் பெயர் இல்லை. இனி எழுதப்படும் பட்டியலில் இரண்டும் இடம்பெற வேண்டும். அப்போது கலையும் கலைஞரும் ஊடும் பாவுமாக நிலைத்திருப்பர்.

தெரிந்து தெளிவோம்

கோர்வைச் சேலையை எவ்வாறு அறியலாம்? சேலையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், கரையும் உடலும் கூடுமிடத்தில் இரு நிற ஊடைகளும் கோத்துக்கொண்ட தடம் தெரியும். முன்புறத்தில் நிறம் கலவாமல் ஒரே கோடாகப் பிரியும். கைத்தறி முத்திரை, புவிசார் குறியீட்டுச் சான்று ஆகியவற்றையும் கேட்டுப் பெறுதல் நன்று.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய கைத்தறி ஆடை ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து, அது எங்கு, எப்போது வாங்கப்பட்டது என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் மாவட்டத்தில் வழங்கும் நெசவுத் தொழிற்சொற்களைத் திரட்டி அகராதி ஒன்று உருவாக்குக.
3. ‘கருவியின் உதவி கலையைக் குறைக்குமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

சிந்தித்து விடையளிக்க

1. ‘பனுவல்’, ‘அறுவை’ – சொற்பொருள் விளக்குக.
2. சென்னை நகர வளர்ச்சிக்கும் நெசவுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டுகளுடன் எழுதுக.
3. கோர்வை முறையில் மூன்று நாடாக்கள் தேவைப்படுவதன் காரணத்தை விளக்குக.
4. குழந்தைத் தொழில் ஒழிப்பு கோர்வை நெசவில் ஏற்படுத்திய விளைவையும் அதற்குரிய தீர்வுகளையும் உம் கருத்துடன் விவரிக்க.